தலைப்பிரசவத்துக்கு ஒரு வீடு

மரம் வெட்டிச் சாலைகளை மறித்த அந்த வருஷங்களில், கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு புளியமரம் தவறான பக்கம் சாய்ந்தது.

ரோட்டின் குறுக்கே விழுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வெட்டியவர்கள் இட ஒதுக்கீடு கேட்டு வந்த பிள்ளைகள்; மரம் வெட்டுவது அவர்கள் தொழில் இல்லை. மரம் ரோட்டை விட்டுவிட்டு, ஓரத்துப் புறம்போக்கில் இருந்த ஒரு குடிசையின் மேல் படுத்துக்கொண்டது. குடிசைக்காரி களையெடுக்கப் போயிருந்ததால் பிழைத்தாள். புருஷன் செத்துப் பல வருஷம். ஒரே மகளைச் சின்னசேலத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். கொஞ்ச நாள் கழித்து, விழுந்த மரங்களை எண்ண ஓர் ஆள் வந்தார். மரத்தில் வெள்ளைப் பட்டை அடித்துக் கறுப்பில் எண் போட்டிருந்ததால் அதை எழுதிக்கொண்டார். குடிசைக்கு எண் கிடையாது. அதனால் எழுதிக்கொள்ளவும் இல்லை.

அப்போது நான் தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலக அட்டையைப் புதுப்பிப்பதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். போராட்டம் வென்றால் எனக்கு வேலை வந்துவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். என்னை எனக்குத் தெரியுமாதலால் நான் நம்பவில்லை. பொழுது போகாமல், ஊர் ஓரத்தில் இருந்த கன்னியர் மடத்துக்கு மனு எழுதிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பக்தியெல்லாம் இல்லை. மடத்துக் காபி நன்றாக இருக்கும்.

மடத்தின் பின்கட்டில் நீளமாக ஓர் ஓட்டுக் கொட்டகை. கரியாலூர்ப் பக்கத்திலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வருபவர்கள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கும் கொட்டகைக்குமாக அலைவார்கள். புருஷன் துரத்திய பெண்கள் வருவார்கள். கல்யாணமாகாமல் வயிற்றில் வாங்கிக்கொண்ட பெண்கள் வருவார்கள். அங்கேயே பெற்றுக்கொண்டு, பிறகு எங்கேயோ போவார்கள். பெரிய சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். யாரிடமும் காரணம் கேட்க மாட்டார், பாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார். குடிசை போனவளும் ஒரு பாயுடன் அங்கே வந்து சேர்ந்தாள்.

வந்த இரண்டாம் மாதம் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. தாய்க்காரி முகம் அன்றைக்குத்தான் கறுத்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். ஏழாம் மாதம் வளையல் அடுக்கிக் கூட்டி வர வேண்டும். எங்கே கூட்டி வருவது?

பெரிய சிஸ்டர் கொட்டகையின் கோடி அறையைச் சுண்ணாம்படித்து, ரோட்டைப் பார்க்கத் தனியாக ஒரு கதவும் வைத்துக் கொடுத்தார். சம்பந்தியம்மாள் சின்னசேலத்திலிருந்து வந்து பார்த்தாள். பக்கத்து அறையில் அழுத பச்சைக் குழந்தையையும், அதன் தாயின் வெறுங்கழுத்தையும் சேர்த்துப் பார்த்தாள். போகும்போது கதவருகில் நின்று சொன்னாள்: “மடத்துல கொண்டாந்து பெக்க வெச்சா, பொறக்கறத யாரு புள்ளன்னு கேப்பாங்க. ஒனக்குன்னு ஒரு வூடு இருந்தா சொல்லி அனுப்பு.”

வாடகைக்குப் பிடிக்கலாம் என்று சிஸ்டர் இரண்டு தெருவில் கேட்டுப் பார்த்தார். எல்லா வீட்டிலும் சிஸ்டருக்கு நாற்காலி கிடைத்தது. யாருக்கு வீடு என்று சொன்னதும் அவரவருக்குச் சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தது.

மிஞ்சியது வீட்டுமனைப் பட்டா. மனை கிடைத்துவிட்டால் ஒரு வாரத்தில் குடிசை போட்டுவிடலாம். மூங்கிலும் கீற்றும் சிஸ்டர் சொல்லி வைத்தாயிற்று. நான் மனு எழுதினேன். முழுநீளத் தாளில் நான்கு பக்கம். வீடு என்ற சொல்லுக்கு முக்தி என்றும் பொருள் உண்டு என்பதை எப்படியோ மூன்றாம் பக்கத்தில் நுழைத்திருந்தேன். சிஸ்டர் முழுவதையும் பொறுமையாகப் படித்தார்.

“தம்பி, இந்த அம்மாவுக்கு வீடு இல்லன்னு எங்கே எழுதியிருக்கிய?”

நான்காம் பக்கத்தின் கடைசியில் எழுதியிருந்தேன். காட்டினேன். அவர் தாள்களை அடுக்கி என்னிடமே கொடுத்தார்.

மனு வாங்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அவளுக்கு நான் பாடம் நடத்தினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். மரியாதையாகப் பேச வேண்டும். அழக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். அழுது காரியம் சாதிப்பது ரசக்குறைவு என்று புத்தகங்கள் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தன. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். வரிசை காம்பவுண்டு வரை நீண்டிருந்தது. எங்கள் முறை வந்தபோது அவள் நடுவில், ஒரு பக்கம் சிஸ்டர், மறு பக்கம் நான். அதிகாரி நல்ல மனிதர். என் நான்கு பக்கத்தைக் கையில் எடை பார்த்தார், முதல் வரியில் கண் வைத்தார், அப்புறம் மடித்து வைத்துவிட்டு அவளையே கேட்டார்.

“சொல்லும்மா, ஒனக்கு இன்னா கொறை?”

அவள் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

“எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. சிஸ்டருங்க நல்லா வெச்சிகினு இருக்காங்க.”

குறை கேட்க வந்த இடத்தில் குறையில்லாத ஓர் ஆளைக் கண்டதில் அதிகாரிக்கு உண்மையாகவே சந்தோஷம். மனுவின் மேல் ஏதோ எழுதினார். சிஸ்டர் குனிந்து, ஐயா இவளுக்கு வீடு கிடையாது, மகள் பிரசவத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே, அந்தம்மாவே இல்லை என்கிறது, நீங்கள் ஏன் சிஸ்டர் குறைப்படுகிறீர்கள் என்றார். பின்னால் இருந்தவர்கள் எங்களைத் தள்ளினார்கள். எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். ‘மனுதாரர் குறை ஏதுமில்லை எனத் தெரிவித்தார். முடிவு செய்யப்பட்டது.’ என் நான்கு பக்கத்தைவிட நல்ல உரைநடை.

வெளியே வேப்பமர நிழலில் நான் கத்தினேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். என் இலக்கணத்துக்கு நேர்ந்த அவமானம்தான் அந்தக் கோபத்தில் பாதி.

அவள் நிதானமாகவே பேசினாள். “நீதான சாமி மரியாதையா பேச சொன்ன. சோறு போட்டவங்கள பக்கத்துல நிக்க வெச்சிகினு, கொறை கீதுன்னு எப்டி சொல்றது? அவங்க மனசு இன்னா பாடுபடும்?”

சிஸ்டர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். “நான் கூடவே வந்திருக்கப்பிடாது” என்றார்.

ஏழாம் மாதம் அவள் வளையலோடு சின்னசேலம் போனாள். வளையலை மகள் கையில் அடுக்கவிட்டார்கள், மகளை அனுப்பவில்லை. பிரசவமான மறுநாள் பிள்ளை பெற்றவளுக்கான மருந்தை இடித்து உருட்டி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனாள். காபி கொடுத்தார்கள். பேரனை மடியில் வைத்தார்கள். பிள்ளைக்குப் பசி என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்து கொட்டகையைக் கூட்டித் தள்ளினாள். மலையிலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் கால்களுக்கு வெந்நீர் ஊற்றிவிட்டாள்.

முடிவு செய்யப்பட்ட மனுவை மறுபடி திறக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டாவது மனுவை என்னிடம் கொடுக்காமல் சிஸ்டரே எழுதினார். அரைப் பக்கம். முதல் வரி, ‘எனக்கு வீடு இல்லை.’ இந்த முறை சிஸ்டர் மடத்திலேயே இருந்துகொண்டார். அவள் தனியாகப் போனாள். அதிகாரி முன்னால் அழுதாளாம். அழக் கூடாது என்று அவளுக்குச் சொல்ல நான் பக்கத்தில் இல்லை. எனக்கும் திண்டிவனம் பக்கம் ஒரு வேலை கிடைத்திருந்தது.

ஊருக்கு வந்திருந்தபோது, பட்டா கிடைத்த மனையில் அவள் போட்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனேன். ஓர் அறை, கூரை, மண் சுவர். உள்ளே ஒரு மூலையைத் தனியாகச் சாணம் மெழுகி, பழைய புடவையால் திரை கட்டியிருந்தாள். மகள் இரண்டாவது முறையாக முழுகாமல் இருந்தாள். சம்பந்தியம்மாளிடம் இவள் கேட்டதற்கு, தலைப்பிரசவம் என்றால் அனுப்பியிருப்போம், இரண்டாவதுக்கு ஏது அந்த முறை என்று சொல்லிவிட்டாளாம். குத்தலாகச் சொல்லவில்லை என்று இவளே சொன்னாள். முறை அப்படித்தான்.

அன்றைக்கு மகளும் வந்திருந்தாள், வயிறும் இடுப்பில் மூத்ததுமாக. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நல்லாருக்கும்மா என்றாள். திரையை விலக்கி மூலையைப் பார்த்தாள். அது எதற்காகக் கட்டியது என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

“இங்க வெறகு அடுக்கிக்கம்மா” என்றாள். “மழயில நனையாது.”

மூன்று மணி பஸ்ஸுக்கு அவர்களை ஏற்றிவிட்டு வந்ததும், அவள் வெளியே கிடந்த விறகை உள்ளே எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். நானும் நாலு கட்டை எடுத்துக் கொடுத்தேன்.