பிராந்தி பாட்டிலில் இருமல் மருந்து

கிணற்றுக்கு மோட்டார், பிரசவ அறைக்குக் கூரை, ஊசி கொதிக்க வைக்கத் தனி அடுப்பு. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே இருந்த எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை எல்லாம் நான் அலைந்து உண்டாக்கியவை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கே மருந்து ஊற்றிக் கொடுக்கும் உதவியாள். நான் செய்ததிலேயே பெரியது பாட்டில் சட்டம்.

எழுபதுகளின் கடைசியில் மிக்சருக்கு, அதாவது இருமலுக்கு ஊற்றிக் கொடுக்கும் தண்ணி மருந்துக்கு, பாட்டில் நோயாளிதான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பாட்டில் நிறைய ஊற்றுவது வழக்கம். அதனால் தைல சீசாவில் தொடங்கிய ஜனம் பிராந்தி பாட்டிலுக்கு வந்துவிட்டது. பங்குனி வரை வர வேண்டிய வருஷ மருந்து ஐப்பசியிலேயே தீர்ந்துவிடும். செலவைக் குறைக்காவிட்டால் சாயங்கால ஓ.பி.யை மூடு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். குவாரி ஆட்களும் களையெடுக்கும் பெண்களும் வேலை முடிந்து வருவதே சாயங்காலம்தான்.

“யாரைத் திருப்பி அனுப்புறது?” என்று டாக்டரம்மா தலையில் கை வைத்தார்.

“ஆளை அனுப்ப வேணாங்கம்மா. பாட்டிலைச் சின்னதாக்கிடுவோம்” என்றேன்.

அரியலூர் பழைய பாட்டில் கடையில் ஒரே அளவுச் சின்ன பாட்டில்கள் பொறுக்கி வந்தேன். கொதிக்க வைத்து, மூன்று நாள் மருந்துக்குக் கோடு போட்ட காகிதம் ஒட்டினேன். காலி பாட்டிலைத் தந்தால்தான் அடுத்தது.

முதல் நாளே உடையார்பாளையம் பக்கத்து மிராசுதார் ஒருவர் பெரிய பிராந்தி பாட்டிலை நீட்டினார். “ஏம்ப்பா, சர்க்கார் மருந்து என்ன உன் மாமனார் வூட்டுச் சீரா? நிறைய ஊத்து.”

வீட்டில் எத்தனை பேருக்கு இருமல் என்று கேட்டேன். தனக்கு மட்டும்தான், மிச்சத்தை மாட்டுக்கு ஊற்றுவதாகச் சொன்னார்.

“அப்ப மாட்டையும் ஓட்டிட்டு வாங்க. டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லிப் பாப்பாங்க” என்றேன்.

வரிசை மொத்தமும் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுச் சின்ன பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

ஆனால் போன பாட்டில் எதுவும் திரும்பவில்லை. எல்லார் வீட்டிலும் அதில் தேங்காய் எண்ணெய் குடியேறிவிட்டது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அவரவர் கொண்டுவரும் பெரிய பாட்டிலை அடமானமாக வாங்கி அலமாரியில் வைத்தேன். சின்னது வந்தால் பெரியது போகும். ஒன்றுகூடத் தவறவில்லை.

சோதனைக்கு வந்த அதிகாரி அலமாரியைப் பார்த்து மிரண்டார். “யோவ், இது ஆஸ்பத்திரியா, சாராயக் கடையா?”

“எல்லாம் அடகு வந்ததுங்க சார்” என்றேன்.

அந்த வருஷம் மிக்சர் பங்குனி வரை நின்றது. சாயங்கால ஓ.பி. மூடவில்லை. சிக்கனம் பேசுகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: வீணாவது எங்கே என்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று பாருங்கள், வருகிற ஆளைக் குறைக்காதீர்கள்.

பிற்பாடு மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் இதே முறை போனது, ‘நிர்வாகத்தின் சீர்திருத்தம்’ என்ற பெயரில். நிர்வாகம் ஒரு பாட்டிலாவது கழுவியதா? கழுவியவன் நான். இனி எழுதுகிறவர்கள் என் பெயரைப் போட்டு எழுதுங்கள், இனிஷியலோடு.