கம்ப்யூட்டர் அக்காவுக்கு, கேசட் தம்பிக்கு

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி, தையல்காரி. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ஆனால் அவர் கத்தரி வைத்த துணி இதுவரை வீணானதில்லை. அதனால் அந்தப் பிடிவாதத்தை யாரும் தட்டிக் கேட்பதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்காவும் தம்பியும் அப்பா வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டார்கள். அலமாரியில் ஆரம்பித்த சண்டை, டிவியில் செருகி ஓட்டும் பழைய கம்ப்யூட்டர் வரை போனது. கம்ப்யூட்டர் அக்காவுக்கு, பாட்டுக் கேசட் மாதிரியே டேப்பில் பதிந்த அதன் விளையாட்டுக் கேசட்டுகள் தம்பிக்கு என்று முடிவானது. ஒன்றில்லாமல் இன்னொன்று எதற்கும் உதவாது. இரண்டு புத்திசாலிகளும் அன்றோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார்கள். நான் மட்டும் துணி தைக்கிற சாக்கில் அண்ணி வீட்டுக்குப் போய்வந்தேன்.

படமே இல்லாத விளையாட்டுகள் அவை. 'நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய்' என்று திரையில் எழுத்து வரும். 'வடக்கே போ', 'கயிற்றை எடு' என்று நாம் தட்ட வேண்டும். தம்பியிடம் கேசட் கேட்க அண்ணிக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தையைக் கிளறி ஒன்பது விளையாட்டுகளைத் தேடிப்பிடித்தார். துணி வெட்ட அளவு வரையும் பழுப்புக் காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் வழி வரைந்து, முடித்தும் காட்டினார்.

"வழி இல்லாத ஆட்டத்தை எவனும் எழுத மாட்டான். தேடினா கிடைக்கும்" என்பார்.

கிடைக்காதது ஒன்றுதான். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடி, கலங்கரை விளக்கத்தின் பூட்டிய கதவோடு நின்றுபோன முதல் விளையாட்டு.

போன ஞாயிறு எங்கள் வீட்டுக் கதவு இடிபட்டது. வாசலில் அண்ணி. கையில் அந்தக் கேசட், அதன்மேல் என் வீட்டுக்காரரின் கோணல் கையெழுத்து.

"சந்தையில கிடந்துச்சுடா! எனக்குத் தர மனசு வரல, தெருவுல போட மட்டும் மனசு வந்துச்சா?"

என் வீட்டுக்காரர் திருதிருவென விழித்தார். போன மாதம் பரணைச் சுத்தம் செய்து, அந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டது நான்தான். இப்போது வாயை மூடிக்கொண்டால் இன்னொரு பதினோரு வருஷம் ஓடிவிடும்.

"அண்ணி, போட்டது நான். அவருக்குத் தெரியவே தெரியாது."

இருவரும் ஒரே மாதிரி என்னை முறைத்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. முறைப்பு வாங்கியும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இன்னும் ஓடுமா அது?" என்றார் இவர், கேசட்டைப் பார்த்துக்கொண்டே.

"நான் ஓட வைக்கிறேன். கிளம்பு."

அண்ணி வீட்டில் தையல் மிஷினை ஓரம் தள்ளி டிவியை வைத்தோம். கேசட் கீச்சென்று கத்திப் பாதியில் நின்றது. அண்ணி அசரவில்லை. டேப் ஓடும் இடத்தைத் துணியால் துடைத்து மறுபடி போட்டார். எழுத்து வந்தது. மளமளவென்று தட்டி, அந்தக் கதவுக்கே போய்ச் சேர்ந்தார்.

"அக்கா, இதுக்கு வழி எனக்கு அப்பவே தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர், குரல் உள்ளே போக. "சொல்லிட்டா ஆட்டம் முடிஞ்சிரும். அப்புறம் நீ என்கூட உட்கார மாட்டேன்னுதான் சொல்லல."

அண்ணியின் விரல்கள் நின்றன. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இப்பவும் சொல்லாத" என்றார். "நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு."