லென்ஸ் வளையத்துச் சந்தனம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பழைய கேமரா லென்ஸ் சேர்க்கும் தம்பி ஒருவர் அப்பாவின் லென்ஸை வாங்க வந்திருந்தார். வளையத்தைத் திருகிப் பார்த்தவர், "இடுக்குல அழுக்கு இருக்குண்ணே" என்று பிரஷால் தேய்த்தார். லேசாகச் சந்தன வாசனை வந்தது.

ராஜபாளையத்தில் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தபோது, ஓர் ஆயுத பூஜைக்கு அம்மா லென்ஸ் கண்ணாடியின் நடுவிலேயே சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள்.

"ஏட்டி, அது நெத்தியில்ல, கண்ணு. கண்ணுல பொட்டு வச்சா எப்பிடிப் பாக்கும்?" என்றார் அப்பா.

"சாமி பாத்துக்கிடும். நீங்க போட்டோவப் புடிங்க."

அப்பா சிரித்துக்கொண்டே வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். அதன்பிறகு வருஷாவருஷம் வளையத்தில்தான் பொட்டு.

இப்போது ரெண்டு பேரும் இல்லை.

"பளிச்சுன்னு ஆயிருச்சுண்ணே. எடுத்துக்கிடவா?" என்றார் தம்பி. தலையாட்டினேன். அவர் போனபின், மேசையில் உதிர்ந்திருந்த பொடியைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன்.