புடவைக் கடை மாடியில் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் விற்பது என்பது, வாங்குகிறவருக்குச் சுத்தமாகத் தெரியாத, விற்கிறவருக்குப் பாதி மட்டும் தெரிந்த ஒரு பொருளுக்கு நாள் முழுக்க உத்தரவாதம் சொல்லிக்கொண்டிருப்பது.

எண்பதுகளின் நடுவில், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு புடவைக் கடையின் மாடியில் அந்த வேலையைச் செய்தேன். நான் படித்தது ஆங்கில இலக்கியம். பெட்டிகளோடு வந்த புத்தகங்களைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். கடையில் எல்லோருக்கும் நான் 'மிஸ்'. இன்றைக்குக் கையகல ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கப்போய், ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்று சொல்ல, குழம்பி வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்களே, உங்கள் துக்கம் எனக்குப் புதிதல்ல.

வெள்ளை விரிப்பு

எங்களிடம் காட்ட இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். முதலாளிக்கு அது பெரிய குறை. கீழே புடவை கேட்டு வருகிறவர்களுக்கு அலமாரியே காலியாகும்வரை விரித்துப் போட்டுப் பழகியவர் அவர். மாடியிலும் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. அதன் ஓரத்தில் ஒரே ஒரு பெட்டியோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

அதனால் ஆள் வந்தால் ஒயர், பிளக், ஃபிளாப்பி, ஸ்டெபிலைசர் என்று இருப்பதையெல்லாம் மெத்தையில் பரப்புவேன். வந்தவர்கள் ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பட்டு எந்த மாடியில் என்று கேட்டுக் கீழே இறங்குவார்கள். முதலாளி மட்டும் மனம் தளரவில்லை. "ஒண்ணே ஒண்ணக் காட்டினா யாருங்க மிஸ் வாங்குவாங்க? பத்த எடுத்துப் போடுங்க, பதினொண்ணாவத அவங்களே கேப்பாங்க."

சுப்ரபாதம்

அப்படி ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வைதேஹி வந்தாள், தன் அப்பாவோடு. பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் நெல் காயவைக்கும் பெண்களின் கூலியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். துபாயிலிருந்து அவள் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து தந்திருந்தான். டி.வி.யோடு இணைக்கிற வகை. எழுதியதைப் பாட்டுக் கேசட்டில்தான் சேமிக்கும். ஓர் அத்தியாயத்தைத் திரும்ப எடுப்பதற்குள் சாதம் வடித்துவிடலாம். பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. கேசட்டுக்குப் பதிலாக, சட்டென்று படிக்கிற ஃபிளாப்பித் தகடு போடுகிற டிரைவ் ஒன்றை வெளியே இணைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க வந்திருந்தாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பம்பாய் மாப்பிள்ளை. தைவரை பொறுப்பதாகப் பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். "தைக்குள்ள முடிச்சாத்தான் மிஸ். அப்புறம் யாரும் தடுக்க மாட்டா, முடின்னும் சொல்ல மாட்டா" என்றாள். அப்பா இதையெல்லாம் கேட்காதவர் போலக் கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அன்று விடியற்காலை சுப்ரபாதம் என்று நினைத்து அதை டேப் ரிக்கார்டரில் போட்டிருக்கிறார். கீச்சென்று ஒரே கூச்சல். ஆனாலும் கடைசிவரை கேட்டிருக்கிறார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வருஷமா இவ எழுதறது இதுதானா? ஒரு வார்த்தைகூட பிடிபடலையேம்மா."

இடம்

வைதேஹியின் பெட்டிக்குப் பொருந்துகிற டிரைவைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம். அதை எடுத்துப்போக வந்தபோது கூடவே மாப்பிள்ளையும் வந்திருந்தார், ஊர் பார்க்க. கம்ப்யூட்டர் விற்கிற எல்லோரும் சொல்வதை நானும் அவளுக்குச் சொன்னேன். எதையும் இரண்டு ஃபிளாப்பியில் எழுதி வை. ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். தூசி படாமல் உறையில் போட்டு வை. அவள் பாடம் கேட்கிற குழந்தை மாதிரித் தலையாட்டினாள்.

பணம் கட்ட அவள் கீழே போனபோது மாப்பிள்ளை என் பக்கம் வந்தார். நல்ல மனிதர். மரியாதையாகத்தான் பேசினார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. கடுமை இருந்திருந்தால் அவளிடம் சொல்லி எச்சரிக்கவாவது எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். "தைக்கு மேல இதையெல்லாம் நீங்களே திருப்பி எடுத்துப்பேளா? பம்பாய்ல ஒத்த ரூம் ஃப்ளாட், இதுக்கெல்லாம் இடம் இருக்காது."

விஜயதசமிக்கு மறுநாள்

புரட்டாசிக்குள் ஐந்து அத்தியாயத்தையும் முடித்துவிட்டாள். கடைசி இரண்டைத் தாளில் எழுதாமல் நேரே கம்ப்யூட்டரிலேயே எழுதினாள். தீபாவளி கழிந்ததும் அச்சடித்துப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிடலாம். நடுவில் சரஸ்வதி பூஜை வந்தது.

விஜயதசமிக்கு மறுநாள் அவளும் அவள் அம்மாவும் மாடியேறி வந்தார்கள். அம்மாவின் கையில் இரண்டு ஃபிளாப்பி. அந்தக் கால ஃபிளாப்பிக்கு நடுவில் நீளமாக ஒரு திறப்பு உண்டு. உள்ளே சுழல்கிற தகடு அதன் வழியே தெரியும். டிரைவ் படிப்பது அந்த இடத்தைத்தான். இரண்டிலும் மிகச் சரியாக அந்தத் திறப்பின்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். முதல் நாள் காலையில், படிக்கவென்று பூஜையிலிருந்து எடுத்த ஃபிளாப்பியை டிரைவில் போட்டபோது கரகரவென்று சத்தம் வந்திருக்கிறது. பயந்து மற்றதைப் போட்டிருக்கிறாள். அதற்குள் டிரைவிலும் சந்தனம்.

அம்மா விளக்கினார். "புஸ்தகத்துக்கு வெக்கறோம், வீணைக்கு வெக்கறோம். கொழந்தையோட படிப்பு பூரா இதுலதான் இருக்குன்னு அவளே சொன்னா. அதான் உறையக் கழட்டிட்டு நன்னா கொழைச்சு வெச்சேன். ரெண்டு இருந்துது. ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம விடலாமோ?" பார்க்கிறேன் என்றேன். அவர் கூரைப் புடவை பார்க்கக் கீழே இறங்கினார்.

பஞ்சையும் ஸ்பிரிட்டையும் வைத்துக்கொண்டு மதியம்வரை துடைத்தேன். தகட்டில் வட்டவட்டமாகக் கீறல். கடையில் இருந்த டிரைவில் போட்டால் திரையில் ஒரே வரி, படிக்க முடியவில்லை என்று. மறுபடி போட்டாலும் அதே வரி. தாளில் இல்லாத அந்த இரண்டு அத்தியாயத்தையும் குறிப்புகளை வைத்துத் திரும்ப எழுத ஆறு மாதமாவது ஆகும் என்றாள் வைதேஹி. தைக்கு மூன்று மாதம்தான். அவள் அழவில்லை. பஞ்சில் ஒட்டியிருந்த குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வைதேஹி, அரக்கு எடுக்கட்டுமா? ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போயேன்." அவள் எழுந்து தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். படிவரை போய்த் திரும்பி வந்தாள். "அம்மா கேட்டா நன்னாத்தான் இருக்குன்னு சொல்லிடுங்கோ மிஸ். தன்னாலதான்னு தெரிஞ்சா, இனிமே எதுக்குமே சந்தனம் வெக்க மாட்டா."

எவ்வளவு கொள்ளும் என்று பார்த்து ஹார்டு டிஸ்க் வாங்குங்கள் என்கிறார்கள். வீட்டார் வைக்கிற பிரியத்தில் எவ்வளவு தாங்கும் என்று நான் விற்ற எந்தப் பெட்டியின்மேலும் போட்டிருக்கவில்லை.