பூனை வருஷத்துக்காரி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் லின் நடத்தும் நூடுல்ஸ் கடைக்குக் காலையில் நல்ல பசியோடு வந்து நிற்கிறேன். கதவு திறந்திருக்கிறது, சூப் மணக்கிறது. ஆனால் அந்த வியட்நாம்காரப் பெண் இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறிக்கிறாள்.

"உள்ள வராதண்ணா. இன்னிக்கு எங்க புது வருசம். மொதல்ல யாரு கால் வெக்கிறாங்களோ, அவங்க ராசிதான் வருசம் பூரா."

என் ராசி எப்படி என்று ஒரு பேச்சுக்குக்கூட அவள் கேட்கவில்லை.

அவள் காத்திருப்பது பழவேற்காட்டிலிருந்து இறால் கொண்டுவரும் தனத்துக்காக. தனம் வந்து கூடையை இறக்குகிறாள். விஷயத்தைக் கேட்டதும் ஓரடி பின்னால் போகிறாள்.

"நானா? புருசன் போனதுலேர்ந்து ஒரு நல்ல காரியத்துலயும் என்ன முன்னால வுட்டதில்லமா. இவர அனுப்பு."

"எங்க ஊர்ல ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு மிருகம் பேரு. அந்தக் கணக்குல நீ பூனை வருசத்துல பொறந்தவக்கா. என் வருசத்துக்கு அதான் சேரும். ஊர்ல எங்கம்மாவே சரின்னுட்டாங்க."

"பூனையா? அது குறுக்க போனாலே திரும்பி ஊட்டுக்குப் போற ஊருடி இது."

சொல்லிவிட்டுத் தனம் சிரிக்கிறாள். சிரிப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, வலது காலை உள்ளே எடுத்து வைக்கிறாள். லின் கைதட்டுகிறாள். நானும் தட்டுகிறேன்.

தனம் கடைக்குச் சொந்தக்காரி மாதிரி திரும்பி என்னைப் பார்க்கிறாள்.

"இன்னா நைனா, அங்கியே நின்னுகினு கீற? அதான் நான் வந்துட்டேன்ல. உள்ள வா."