ஹமீது டாக்டர் மலைக்குக் கொண்டுவந்த குப்பி

போன சந்தையில் வாணியம்பாடிப் புளி வியாபாரி மூட்டையைத் தைத்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க ஹமீது டாக்டரு மௌத்தாயிட்டாருங்க. அடக்கமும் ஆயிடுச்சி." என் கை தானாக வயிற்றுத் தழும்புக்குப் போனது. அவரிடம் வயிற்றைக் காட்டிய மலைக்காரர்கள் உங்களில் பலர். என் கதையை, முதியோர் பள்ளியில் இந்த வருஷம் கற்ற எழுத்தில் நானே எழுதுகிறேன். எழுத எழுத அவர் எதிரே வந்து உட்காருவது போல மகிழ்ச்சியாக இருக்கிறது.

பத்து வருஷத்துக்கு முன் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் தின்ற களி மாலையில் அப்படியே வாந்தியாக வரும். எலும்பும் தோலுமானேன். மருந்தெடுக்கும் வைத்தியர் வந்து, தொப்புளில் குழல் வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய பச்சிலை உருண்டையைத் துப்பினார். "இடுமருந்து. சோத்துல வச்சிருக்காங்க. இன்னும் மிச்சம் உள்ள கீது" என்றார். எனக்குச் சோறு போடுகிறவள் என் மனைவி பொன்னி. அன்றிலிருந்து அவள் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கவில்லை. நானும் அண்ணன் வீட்டில்தான் தின்றேன். அமாவாசையன்று ஊர் கூடி அவளை விலக்கி வைப்பது என்று பேச்சானது.

அந்தப் பொன்னிதான் தன் தம்பிகளை அழைத்து, என்னைத் தூளியில் கட்டி மலையிறக்கி, ஹமீது டாக்டரிடம் சேர்த்தாள். அவர் வெள்ளைக் கரைசல் ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே படம் பிடித்தார். இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் ஏதோ அடைத்திருந்தது. "புத்துநோயாவும் இருக்கலாம். அறுத்தாத்தான் தெரியும்" என்று மறைக்காமல் சொன்னார். அறுத்து, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியை எடுத்தார். பாதியைச் சோதனைக்கு மதராஸுக்கு அனுப்பினார். பதில் வரும்வரை பொன்னி கண் மூடவில்லை.

பதில் வந்த அன்று டாக்டர் என்னிடம் சொன்னார்: "புத்து இல்ல கவுண்டரே. குடல்ல வழவழன்னு நீர் சொரக்குற சுரப்பிங்க கீது. அது சும்மாவே கொழுத்து வளந்து வழிய அடச்சிருக்கு. அவ்ளோதான்."

பொன்னி அப்போதுதான் அமாவாசை விஷயத்தைச் சொல்லி அழுதாள். "நான் வர்றேம்மா" என்றார் டாக்டர்.

சொன்னபடி அமாவாசையன்று நடந்தே மலையேறி வந்தார். காம்போடு இருந்த மறுபாதிக் கட்டியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஊர் நடுவில் வைத்தார். வைத்தியர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! நான் சொன்ன மிச்சம் இதான்!"

கூட்டம் இரைந்தது. அவளைக் காப்பாற்றக் கொண்டுவந்த குப்பியே அவளுக்கு எதிர்ச்சாட்சி ஆனது. டாக்டர் முகம் கறுத்துவிட்டது. பிறகு குப்பியைத் தூக்கிப் பிடித்தார்.

"காம்பப் பாருங்க. குடல்லயே மொளச்சது. பலாக்காய யாராவது கொண்டாந்து மரத்துல ஒட்ட வச்சாங்களா?"

சிலர் சிரித்தார்கள். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. "பேச்சு நல்லாத்தான் கீது. அவ கையால நீங்க தின்பீங்களா?"

"காலைலருந்து நடந்து பசி உசுரு போவுது. இத மொதல்லயே கேக்கக் கூடாதா?"

பொன்னி சாமைக் களியும் கீரையும் கொண்டுவந்தாள். ஊரே அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தின்றார். பாதியை என் பக்கம் தள்ளினார். என் கை எழவில்லை. அவர் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் தின்றேன்.

களி திரும்பி வருகிறதா என்று பார்க்க, பொழுது சாயும்வரை ஊர் கலையவில்லை. நடுவில் எனக்கு ஏப்பம் வந்தது. முன்னால் இருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். டாக்டர் மட்டும் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கியது. களி வரவில்லை. ஊர்க்கவுண்டர் எழுந்து, "பொன்னி, எனக்குக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். அதுதான் தீர்ப்பு.

வழியனுப்பும்போது டாக்டர் மெல்லக் கேட்டார்: "நீங்களும் நம்புனீங்க, இல்ல?" நான் தலை குனிந்தேன். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

தழும்பு ஒருபுறம் இருக்க, அவர் என்னிடம் விட்டுப்போனது அந்தச் சொல்தான். பத்து வருஷம் அது எனக்குள் இறங்காமல் நின்றது. நேற்று, இதுவரை எழுதியதை எழுத்துக் கூட்டிப் பொன்னிக்குப் படித்துக் காட்டினேன்.

"அண்ணன் வூட்டுக்குத் தின்னப் போனியே, அன்னிக்கே எனக்குத் தெரியும். இதச் சொல்ல ஒனக்குப் பத்து வருசமாய்யா?" என்றாள்.

டாக்டரே, சொல்லிவிட்டேன்.