அழிச்சா போயிடுமா?

எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கல்யாண வீடியோ நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. அதைப் போட்டுக் கொடுக்கும் பென்டிரைவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். “64 ஜிபின்னு மேல போட்டிருக்குது, உள்ள 58தான் காட்டுது. மீதிய யார் எடுத்தது?” என்று ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். பெட்ரோல் பங்கில் அளவு குறைத்துப் போட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். படம் ஜாஸ்தி ஏற்றினால் கனம் கூடுமா என்று இன்னொருவர் கேட்டார். தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஓர் அம்மா, ஒன்றும் ஆகாத பென்டிரைவை முன்ஜாக்கிரதையாக அரிசி டிரம்மிலேயே போட்டு வைத்திருந்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சொருகுகிற வாயெல்லாம் அப்பிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. குண்டூசியால் சுரண்டிக் கொடுத்தேன், ஓடியது.

எல்லோருக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் தெரியாது என்று சொல்ல முடியுமா? உண்மையில் அதற்குள் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது. நகத்தளவு கார்டைக் காட்டி, “இதுக்குள்ளதான் உங்க கல்யாணம் மொத்தமும் இருக்குது” என்பேன். அவர்களும் நம்புவார்கள், நானும் நம்புவேன். அதற்கு மேல் யோசித்தால் தலை சுற்றும் என்று யோசிக்காமலே தொழில் செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு சாயங்காலம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டைப் பார்த்தாற்போல கடை முகப்பில் ஒரு டிவி வைத்திருக்கிறோம். நாங்கள் எடுத்த வீடியோவில் நல்லதாக ஒன்றைப் போட்டு ஓடவிடுவோம். அதற்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். தோளில் ஆபீஸ் பை, கையில் பஸ் டிக்கெட்.

“அண்ணா, டிவில ஓடுதே, அது நான்தான்.”

எனக்கு ஒரே சந்தோஷம். “அடடே, வாம்மா! கலர் எப்படி வந்திருக்குது பாத்தியா? அந்த மண்டபத்துல லைட்டே கம்மி. இந்த ஒரு வீடியோவப் பாத்துட்டே எத்தன பேரு ஆர்டர் குடுத்திருக்காங்க தெரியுமா?” என்று ஆரம்பித்து, டிரோனை எங்கே நிறுத்தினேன் என்பதுவரை சொல்லிக்கொண்டே போனேன். அவள் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிதான் நிமிர்ந்து பார்த்து, “ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள்.

“நாங்க பிரிஞ்சிட்டோம்ணா. கோர்ட்லயும் முடிஞ்சிடுச்சு” என்றாள் அந்தப் பெண். “வேங்கிக்கால்லதான் வேலை பாக்கறேன். தினமும் பஸ்ஸுல இந்தப் பக்கமாத்தான் போறேன். இன்னிக்கு ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். பாத்தா, என் கழுத்துல அவன் தாலி கட்டறான்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஓடிப்போய் டிவியிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கினேன். திரை நீலமாயிற்று. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அவளானால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இதுல மட்டுந்தான் இருக்குதா?”

“இதுல... அப்புறம் கம்ப்யூட்டர்ல இருக்கும்.”

“வேற?”

வேற என்று கேட்டதும்தான் நான் யோசிக்கவே ஆரம்பித்தேன். முடிந்த வேலையை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைப்போம். அது போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றி, என் மனைவி அதைப் பழைய ஜாக்கெட் துணியில் சுற்றி பீரோவில் வைப்பாள். ஆல்பம் போட வேலூருக்கு இன்டர்நெட்டில் அனுப்பியிருப்போம். எடுத்த மெமரி கார்டு? அதை அழித்து அழித்து வேறு கல்யாணங்களுக்குப் பயன்படுத்தியாயிற்று. சொல்லச் சொல்ல அவள் முகம் வாடியது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு கல்யாணத்தை இத்தனை இடத்திலா வைத்திருக்கிறேன்?

அவள் வந்த விஷயம் இதுதான். அவளுக்கு வேறு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். புது மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், அவர் ஒன்றும் நினைக்கமாட்டார். இவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. “அவன் வீட்டு பென்டிரைவ அவங்க உடைச்சிட்டாங்க. என்னுத நான் கெணத்துல போட்டுட்டேன். மீதி இருக்கறது உங்ககிட்டதான். எங்கயும் இருக்கக் கூடாதுண்ணா. சுத்தமா எடுத்துடுங்க” என்றாள்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில், அழிந்துபோனதை எடுத்துக் கொடுங்கள் என்று அழுதுகொண்டு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இருப்பதை இல்லாமல் செய்யுங்கள் என்று வந்தவள் இவள் ஒருத்திதான். நாம் எடுத்ததை நாமே அழிப்பதா என்று ஒரு பக்கம் மனசு வரவில்லை, மறுபக்கம் அவள் கேட்பதும் நியாயமாகப்பட்டது.

சரி என்று பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகி அழித்தேன். “போயிடுச்சும்மா.”

“நெஜமாவா? அழிச்சதக்கூட திருப்பி எடுக்கலாம்னு சொல்றாங்களே?”

சொல்கிறவர்கள் யார்? நான்தான். அழிந்த படங்கள் மீட்டுத் தரப்படும் என்று வாசலில் போர்டு எழுதி வைத்திருக்கிறேன். அவள் அந்த போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறாள். இனி மழுப்ப முடியாது. எனக்குப் புரிந்தவரையில் சொன்னேன். பௌர்ணமிக் கிரிவலத்துக்கு நம் ஊர் லாட்ஜில் ரூம் போடுகிறோம். காலி செய்ததாக நோட்டில் பேரை அடித்துவிடுகிறார்கள், ஆனால் ஆள் இன்னும் உள்ளே படுத்துத் தூங்குகிறார். வேறு ஒருவருக்கு அந்த ரூமைக் கொடுத்து, அவர் பெட்டியோடு வந்து நிற்கும்போதுதான் முதல் ஆள் எழுந்து போவார். டெலீட் என்பது பேரை அடிப்பது மட்டும்தான். அதனால்தான் மீட்க முடிகிறது.

“அப்ப வேற ஆள ஏத்துங்க” என்றாள் உடனே.

அதுவும் சரிதான். கிரிவலக் கூட்டத்தை மணிக்கணக்காக எடுத்து வைத்திருந்த வீடியோ ஒன்று இருந்தது. அதை அந்தப் பென்டிரைவில் திரும்பத் திரும்ப ஏற்றி, இனி இடமில்லை என்று அதுவே சொல்லும்வரை நிரப்பினேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். “இப்ப?” என்றாள். “இப்ப வராதுன்னுதான் நெனைக்கறேன்” என்றேன். நினைக்கிறேன் என்ற வார்த்தையை நான் கடையில் அதற்கு முன்னால் சொன்னதாக ஞாபகமில்லை.

ஆல்பக்காரருக்குப் போன் போட்டேன். “அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு சார்” என்றார் அவர். ஸ்பீக்கரில் கேட்டவள், “அவர் அழிச்சா போயிடுமா?” என்றாள். அடுத்து, “கிளவுடுல போவும்னு சொல்றாங்களே, அது எங்க இருக்குது?” என்றாள். எங்கே இருக்கிறது? ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கட்டிடத்தில் இருக்கலாம். பழைய போன் நம்பரை வைத்துத் திறந்த கணக்கிலிருந்துதான் படங்களை அனுப்பியிருந்தேன், அந்த நம்பரும் இப்போது இல்லை. நான் உள்ளே போகவே முடியாத ஓர் இடத்தில் என் கையால் எடுத்த படம் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பீரோவிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவந்த என் மனைவி, பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, “அப்பா அம்மால்லாம் என்னம்மா சொல்றாங்க?” என்று கேட்டாள்.

“அம்மாதான் பேசி முடிச்சாங்க. அப்பா இல்லக்கா.” திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “நான் பெட்டிய எடுத்துக்கினு வந்து வீட்டுல நின்னேன். ஏன் வந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல. மல்லாட்டை காய வெச்சிருந்தாரு, அதப் பொறுக்கினே இருந்தாரு. கடைசி வரிக்கும் கேக்கல. ஊரெல்லாம் கேட்டுது. திட்டியாவது இருக்கலாம். அந்தக் கோவத்தோடயே போயிட்டாருக்கா.”

எனக்கு அவர் முகம் ஞாபகமில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம் வைத்து வேர்க்கடலை போட்டுவந்தவர், முழுக்கைச் சட்டை போட்டிருந்தார் என்று மட்டும் ஞாபகம்.

ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினேன். முழு வீடியோவை அழித்தேன். அதற்குக் கீழே, வெட்டி எறிந்த துண்டுகளை ‘வேஸ்ட்’ என்று பேர் வைத்துப் போட்டிருந்த ஃபோல்டர் இருந்தது. ஃபோகஸ் போனது, ஆள் மறைத்தது எல்லாம் அதில்தான் கிடக்கும். ஏன் வேஸ்டை இத்தனை வருஷம் வைத்திருக்கிறேன் என்று கேட்டால் பதில் கிடையாது. அழிக்கப் போகும்போது அவள் சட்டென்று என் கையைத் தடுத்தாள்.

“அது அப்பா.”

சின்னக் கட்டத்தில் தண்ணீர் டிரம்மும் ஒரு மேஜையும் தெரிந்தன. ஓரத்தில் பாதி முகம். பந்தி நடக்கும் இடத்தில் இரண்டாவது கேமராவை நிறுத்த மறந்து மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறோம். அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஓடவிட்டேன்.

கொஞ்சம் ஓடியதும் நடுவில் பளிச்சென்று மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான், மாலையும் கழுத்துமாக. பக்கத்தில் அவள் அப்பா, பாதி முகமும் ஒரு தோளும். வாழைப்பழத்தை உரித்து அவனிடம் கொடுத்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே குரல் கேட்டது.

“சாப்டுங்க மாப்ள. ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு. எம் பொண்ணு எதையும் சுலபத்துல வேணாம்னு சொல்லமாட்டா. பொறுத்துப் பொறுத்துப் பாப்பா. சொல்லிட்டான்னா, அது வேணாந்தான். சின்னப் புள்ளையிலருந்தே அப்படி. நான் ஏன்னு கேக்கறதே இல்ல.”

மாப்பிள்ளை பழத்தை மென்றபடி தலையாட்டினான். யாரோ சாம்பார் வாளியோடு குறுக்கே போனார்கள். படம் முடிந்துவிட்டது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “அதனாலதான் கேக்கலியா?” என்றாள், திரையைப் பார்த்து. என்னிடம் இல்லை, என் மனைவியிடமும் இல்லை. பிறகு அழுதாள். என் மனைவி எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மௌஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னொரு வாட்டி போடுங்கண்ணா.”

போட்டேன். பிறகும் போட்டேன். எதையும் எங்கேயும் விட்டுவைக்கக் கூடாது என்று வந்தவள் அவள். இப்போது இதை அழிப்பதா, வைப்பதா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்த தொழிலைச் செய்யலாம் என்று, மாப்பிள்ளையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு வெட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவனை எடுத்தால் அவர் தோள் போயிற்று, பழம் கொடுத்த கையும் போயிற்று. இன்னும் நகர்த்தினால் அந்தப் பாதி முகத்திலும் பாதிதான் மிஞ்சியது.

“குரல மட்டும் தனியா எடுத்துத் தரட்டுமாம்மா? மூஞ்சி தெரியாது. இல்லன்னா மாப்ள மேல மங்கலா ஏதாச்சும்...” என்று தடுமாறினேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் போட்ட கட்டத்தைப் பார்த்தாள்.

“அவன் இருந்தா இருந்துட்டுப் போறான்ணா” என்றாள். “எங்கப்பாவ வெட்டாதீங்க.”